தலைக்கு விலை வைத்தால் கணக்கும் வையுங்கள்

டாலஸ் வட்டாரத்தில் சனிக்கிழமை இரவுகளில் வீட்டில் போக்கர் ஆடும் தமிழ் நண்பர்களுக்கு,

ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், காப்பெல் என்று உங்களில் பலருடைய வீட்டு மேசையில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன். நீங்களும் என் வீட்டு மேசையில் ஆடியிருக்கிறீர்கள். ஒருவர் கொண்டுவந்த பிரியாணியை இன்னொருவர் வீட்டுத் தட்டில் போட்டுச் சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, நள்ளிரவு தாண்டியும் ஆடிய ஆட்டங்கள் அவை. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். நேரில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

நம் மேசைகளில் இப்போது புரோக்ரெசிவ் பவுண்ட்டி ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொருவர் தலைக்கும் ஒரு விலை. ஒருவரை நீங்கள் வெளியேற்றினால் அந்த விலையில் பாதி உங்கள் கைக்கு ரொக்கமாக வரும், மறுபாதி உங்கள் தலை விலையில் ஏறும். அடுத்து உங்களை வெளியேற்றுபவருக்கு, அப்படிக் கூடிய விலையில் பாதி. இப்படியே போய், கடைசியில் ஜெயிப்பவர் தன் தலையைத் தானே வைத்துக்கொள்வார். எனக்கும் பிடித்த ஆட்டம்தான். கடைசி மூன்று இடத்துக்குள் வராதவர்கூட ஏதோ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே மேசை சூடுபிடித்துவிடும்.

ஆனால் இதை நாம் நடத்தும் விதம் சரியில்லை. என் வீட்டில் நடந்த விதமும் சரியில்லை. அதனால் ஒரு நட்பு போனது. அதைச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

அன்று ஒன்பது பேர். ஆளுக்கு 40 டாலர்: 20 பொதுப் பரிசுக்கு, 20 தலைக்கு. மொத்தம் 360 டாலரையும் ஒரே டின்னில் போட்டேன். நம் எல்லார் வீட்டிலும் ஊசி நூல் வைத்திருக்கும் அந்த நீல நிற வெண்ணெய் பிஸ்கட் டின். பணம் என் பொறுப்பு. “யார் யாரை வெளியே அனுப்புகிறீர்களோ நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னது நான்தான். சிலர் அவ்வப்போது டின்னைத் திறந்து தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஒரு நண்பர் மட்டும் எடுக்கவில்லை. மூன்று பேரை வெளியேற்றியவர் அவர். பிறகு அவரும் வெளியேறினார். மறுநாள் அதிகாலை விமானம். கிளம்பும்போது, “என் பணம் டின்னிலேயே இருக்கட்டும், நாளைக்கு அனுப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வரவேண்டியது 42 டாலர் 50 சென்ட்.

இரவு ஒரு மணிக்கு மேல் டின்னைக் கவிழ்த்தோம். பரிசு வென்ற மூவருக்கும் கொடுத்தோம். ஜெயித்தவருக்கு அவர் தலை விலையைக் கொடுத்தோம். பாக்கி இருந்தவர்களுக்கும் கொடுத்தோம். மிச்சம் 17 டாலர் 50 சென்ட். 25 டாலர் குறைந்தது. யாரிடம் கேட்டாலும் “நான் சரியாகத்தான் எடுத்தேன்” என்றார்கள். எல்லாரும் உண்மையாகத்தான் சொன்னார்கள். பல நாள் கழித்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒருவர் 20 டாலர் தலையை வீழ்த்திவிட்டு, பாதிக்குப் பதில் முழு 20ஐயும் எடுத்திருக்கிறார். இன்னொருவர் 30 டாலர் தலைக்கு முழு 30ஐயும் எடுத்திருக்கிறார். 10, 15, ஆக 25. இருவரும் அன்றுதான் இந்த வகை ஆட்டத்துக்குப் புதிது. பாதி என்ற விதியை அவர்களுக்கு யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அந்த நண்பருக்கு மறுநாள் 17.50 மட்டும் அனுப்பினேன், “டின்னில் குறைந்துவிட்டது” என்று ஒரு வரியோடு. என் கையிலிருந்து 25ஐப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அவர் “பரவாயில்லை” என்று பதில் போட்டார். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு எத்தனை எடை என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எந்தச் சனிக்கிழமையும் வரவில்லை. தமிழ்ப் பள்ளி வாசலில் பார்த்தால் தலையசைப்போடு சரி. இரண்டு பேர் மசால் தோசை சாப்பிட்டால் தீர்ந்துவிடும் காசு அது. அவரை விலக்கியது அந்தக் காசு என்று நான் நினைக்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் அவர் பணத்தில்தான் குறை விழுந்தது, அவர் பக்கம் பேச அங்கே யாரும் இல்லை. அதுதான் அவரை விலக்கியது.

இது என் வீட்டில் மட்டும் நடப்பதாக இருந்தால் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. உங்கள் மேசைகளிலும் இதே காட்சியைக் கண்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்தபின் நின்றுகொண்டே போடும் கணக்கு, “எனக்கு நீ எட்டு டாலர் தரணும், அவனுக்கு நான் பன்னிரண்டு” என்ற குழப்பம், முகத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளும் புதியவர். நாம் கெட்டவர்கள் என்பதால் வருவதில்லை இது. இந்த ஆட்டம் கேட்கும் கணக்கை நாம் வைப்பதில்லை என்பதால் வருகிறது.

சாதாரண டோர்னமென்ட்டில் பணம் இரண்டே முறைதான் கை மாறும்: ஆரம்பத்தில் உள்ளே, முடிவில் வெளியே. மாறாத பவுண்ட்டி வைத்தாலும் பெரிய சிக்கல் இல்லை. ஆளுக்கு ஒரு தனி நிறச் சிப், வெளியேற்றியவர் அதை வாங்கிக்கொள்வார், முடிவில் ஒரு சிப்புக்கு இத்தனை டாலர் என்று மாற்றிக்கொள்ளலாம். புரோக்ரெசிவ் அப்படியில்லை. ஒவ்வொருவர் வெளியேறும்போதும் ஒரு தொகை வெளியே போகிறது, ஒரு தலையின் விலை மாறுகிறது. ஒன்பது பேர் ஆடினால் எட்டு முறை. நடுவில் ஒரு முறை பிசகினால், பின்னால் வரும் எல்லாத் தொகையும் பிசகும்.

இணையத் தளங்களில் இந்த ஆட்டம் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. போக்கர்ஸ்டார்ஸ் போன்ற தளங்களில் பாதியாக்குவதும் கூட்டுவதும் மென்பொருளின் வேலை, கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நேரில் நடக்கும் போட்டிகளில் பெரும்பாலும் மாறாத பவுண்ட்டியோ மர்ம பவுண்ட்டியோதான். 2022இல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் தொடரில் மாட் கிளான்ட்ஸ் ஒரே பவுண்ட்டியில் பத்து லட்சம் டாலரை எடுத்தாரே, அது மர்ம வகை. தொகைகள் முன்கூட்டியே முடிவாகிவிடும், கையில் வருவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், பாதியாக்கும் வேலையே கிடையாது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துகிறவர்களே பெரும்பாலும் தவிர்க்கும் ஒரு வேலையை, பிரியாணிக்கும் பேச்சுக்கும் நடுவே மனக்கணக்காகச் செய்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். அது முடியாது. எழுதினால் முடியும். எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை.

நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு அழைப்பார்கள். முன்னால் தாங்கள் வாங்கிய மொய்யை, மேலே கொஞ்சம் கூட்டி, வந்தவர்கள் திருப்பிச் செய்வார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. இருப்பது ஒரு நோட்டு. சின்ன வயதில் அந்த மேசைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் பணத்தை எண்ணி, தொகையை உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று எழுதுவார். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டிய பிறகே பணம் பெட்டிக்குள் போகும். எண்ணுபவரும் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள். கடைசியில் நோட்டின் கூட்டலும் பெட்டியின் பணமும் ஒத்துப்போக வேண்டும். பரவாயில்லை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

சொந்தக்காரர்களுக்கு நடுவே நோட்டு எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சொந்தம் நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நோட்டு. நாமோ நண்பர்கள்தானே என்று நோட்டை விட்டுவிடுகிறோம்.

போன வருடம் என் அம்மா இங்கே வந்திருந்தார். அந்த 25 டாலர் சமாச்சாரத்துக்குப் பிறகு நான் நோட்டுப் போட ஆரம்பித்திருந்தேன். முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவர், என் கையிலிருந்த நோட்டையும் டின்னையும் பார்த்து, “என்ன தம்பி, மொய்யா?” என்று கேட்டார். “அந்த மாதிரிதான்மா” என்றேன். “எழுதுறவன் வேற, காசு வாங்குறவன் வேறயா இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் வீட்டில் இரண்டு பேர்.

அந்த நோட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன். இப்போது ஆளுக்கு 40 டாலர் வாங்குகிறோம். 24 பொதுப் பரிசுக்கு, 16 தலைக்கு. இரண்டும் இரண்டு தனி டின்களில். ஒன்பது பேர் என்றால் பரிசு டின்னில் 216, தலை டின்னில் 144. பரிசு டின்னை மூடி ஓரமாக வைத்துவிடுவோம், இறுதி வரை அதை யாரும் தொடக்கூடாது. முதல் மூன்று இடங்களுக்கு 108, 65, 43 என்று முன்பே எழுதிவிடுவோம். இனி எல்லாம் தலை டின்னின் கதை.

மூன்றாம் நாற்காலிக்காரர் ஏழாம் நாற்காலிக்காரரை வெளியேற்றுகிறார். தலை 16. பாதி 8 டாலர் ரொக்கமாக மூன்றாமவர் கைக்குப் போகிறது. மறுபாதி ஏறி அவர் தலை 24 ஆகிறது. டின்னில் மிச்சம் 136. மேசையில் உயிரோடு இருக்கும் தலைகளைக் கூட்டுங்கள்: ஏழு பேர் 16 வீதம் 112, மூன்றாமவர் 24, ஆக 136. ஒத்துப்போகிறது. அடுத்து, ஐந்தாமவர் அந்த மூன்றாமவரையே வீழ்த்துகிறார். 24இல் பாதி 12 ரொக்கம், ஐந்தாமவர் தலை 28. டின்னில் 124. தலைகள்: ஆறு பேர் 96, ஐந்தாமவர் 28, ஆக 124. பிறகு அதே ஐந்தாமவர் முதல் நாற்காலிக்காரரை வீழ்த்துகிறார். 8 ரொக்கம், தலை 36. டின்னில் 116. தலைகள்: ஐந்து பேர் 80, இவர் 36, ஆக 116.

கவனித்தீர்களா? டின்னில் இருக்கும் பணமும், மேசையில் மிச்சமிருக்கும் தலைகளின் மொத்த விலையும் எந்த நேரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் உங்களுக்குச் சொல்லவந்தவற்றில் முக்கியமானது இதுதான். ஒவ்வொருவர் வெளியேறியதும் ஒரு நிமிடம் நிறுத்தி இதைச் சரிபார்த்தால் போதும். முழுத் தலையையும் எடுத்துவிட்டவரின் தவறு அதே நிமிடத்தில் தெரிந்துவிடும், அவர் சிரித்துக்கொண்டே மிச்சத்தைத் திருப்பி வைத்துவிடுவார். இரவு ஒரு மணிக்குத் தெரிந்தால் அது வழக்காகிவிடும். கடைசியில் இருவர் மட்டும் நிற்கும்போது டின்னில் இருப்பது அந்த இருவரின் தலை விலைதான். ஜெயித்தவர் எதிராளியின் தலையையும் தன் தலையையும் எடுத்துக்கொள்வார், அதாவது டின்னில் உள்ளது அத்தனையும் அவருக்கு. டின் காலியாகும். ஒரு டாலர் மிஞ்சாது, ஒரு டாலர் குறையாது.

20 டாலரை விட்டு ஏன் 16 என்று கேட்பீர்கள். 20இல் பாதி 10, தலை 30 ஆகும். 30இல் பாதி 15, வெளியேற்றியவர் தலை 35 ஆகும். 35இல் பாதி 17.50. மூன்றாம் முறையே சில்லறை தேட வேண்டும், அங்கேதான் “சரி, 17 வைத்துக்கொள்” என்ற விட்டுக்கொடுப்பு தொடங்கும். 16 என்றால் தலை 24, 28, 30, 31 என்று ஏறும், ரொக்கம் 8, 12, 14, 15 என்று வரும். ஒரே சங்கிலியில் நான்கு பேர் வரை முழு டாலராகவே பிரியும். ஒற்றை டாலர் வந்தால் அது தலைமேல் ஏறும் என்று முன்கூட்டியே ஒரு விதி எழுதிவிடுங்கள், தீர்ந்தது. ஆட்டத்துக்கு முன் வங்கியில் ஒரு டாலர் நோட்டுகளாக ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குறை, தலை விலை யாருக்கும் தெரியாமல் இருப்பது. உங்கள் முன்னால் 9,000 சிப் இருக்கிறது. எதிரில் ஒருவர் மிச்சமுள்ள 4,000த்தையும் ஆல்-இன் வைக்கிறார். அவர் தலை 16 என்றால், வீழ்த்தினால் கையில் 8 டாலர். தலை 36 என்றால் 18 டாலர், நீங்கள் கட்டிய பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கையில் இருக்கும் இரண்டு சீட்டும் அதேதான், ஆனால் முடிவு மாறலாம். விலை தெரிந்தவர் ஓர் ஆட்டம் ஆடுகிறார், தெரியாதவர் வேறோர் ஆட்டம் ஆடுகிறார். ஒவ்வொருவர் முன்னாலும் மடித்த அட்டை ஒன்று நிற்கட்டும். அதில் தலை விலையைப் பெரிதாக எழுதுங்கள். விலை மாறும்போது பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். புதிதாக வந்தவரும் மேசையை ஒரு பார்வை பார்த்தால் எல்லாம் தெரிய வேண்டும்.

சண்டை வரும் இடங்களையும் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். முதலாவது சைடு பாட். மூன்று பேர் ஆல்-இன்: ஒருவரிடம் 3,000, இன்னொருவரிடம் 8,000, மூன்றாமவரிடம் 12,000. 3,000காரர் நல்ல சீட்டைக் காட்டி மெயின் பாட்டை வாங்கிவிட்டார், ஆனால் சைடு பாட்டில் 12,000காரர் 8,000காரரை வென்றுவிட்டார். 8,000காரர் தலை யாருக்கு? 12,000காரருக்கு. வெளியேறியவரின் கடைசிச் சிப் எந்தப் பாட்டில் இருந்ததோ, அந்தப் பாட்டை வென்றவருக்கே தலை. இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் எந்தச் சிக்கலும் அவிழும். வெளியேறுபவரைவிட அதிகமாகவோ சமமாகவோ சிப் வைத்திருப்பவர்தான் அவரை வெளியேற்ற முடியும் என்பதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது, பாட் இருவருக்குப் பிரிவது. அப்போது தலையும் பிரியும். 24 டாலர் தலை என்றால் ரொக்கம் ஆளுக்கு 6, தலை உயர்வும் ஆளுக்கு 6. ஒற்றை டாலர் வந்தால், ஒற்றைச் சிப் போவதுபோல, டீலர் பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவருக்குப் போகட்டும். மூன்றாவது, மறுபடி பணம் கட்டி உள்ளே வருவது. அதே 40, அதே 24-16 பிரிவு, தலை புதிதாக 16இலிருந்து. பழைய தலை போனது போனதுதான், அது வெளியேற்றியவருடையது. ஒருவருக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், முதல் இடைவேளைக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். ஆட்-ஆன் வைப்பதாக இருந்தால் அந்தப் பணம் முழுவதும் பரிசு டின்னுக்குப் போகட்டும், தலைக்கு வேண்டாம். நான்காவது, பாதியில் கிளம்ப வேண்டியவர். அவர் சிப் மேசையிலேயே இருக்கட்டும், பிளைண்ட் எடுத்துக்கொண்டே வாருங்கள், கடைசிச் சிப்பை வென்றவருக்கு அவர் தலை. ஆனால் அதுவரை அவர் சம்பாதித்த ரொக்கம், அவர் கதவைத் தாண்டும் முன் அவர் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். இந்த வகை ஆட்டத்தில் நண்பனுக்கு நண்பன் தலையைத் தூக்கிக்கொடுப்பது சுலபம். சிப் குறைந்துபோன ஒருவர், பக்கத்து நாற்காலியில் இருக்கும் தன் மச்சானிடம் வேண்டுமென்றே தோற்றால், காசு குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே காரில் வந்தவர்கள் என்று நாம் ஆடும்போது இந்த ஆசை யாருக்கும் வரலாம். உள்பங்கு இருந்தால் உட்காரும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்ல முடியாது என்றால் ஆடாதீர்கள். இதற்குத் தண்டனை எழுத முடியாது, நாணயம் மட்டும்தான் காவல். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் அந்த ஒரே சொல் இருக்கிறது.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 47.02ஆம் பிரிவு சூதாட்டத்தைக் குற்றமாக்குகிறது. வீட்டு ஆட்டத்துக்கு அது தரும் பாதுகாப்பு மூன்று நிபந்தனைகளோடு வருகிறது. இடம் தனிப்பட்டதாக இருக்க வேண்டும். தான் வென்றதைத் தவிர வேறு எந்தப் பொருளாதார ஆதாயமும் யாரும் பெறக்கூடாது. திறமையும் அதிர்ஷ்டமும் நீங்கலாக, தோற்கும் அபாயமும் ஜெயிக்கும் வாய்ப்பும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களில் சிலர் தலை டின்னிலிருந்து “வீட்டுச் செலவுக்கு” என்று ஐந்து, பத்து எடுக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவோம், டின்னை அதோடு கலக்க வேண்டாம். வீட்டுக்காரர் பணம் கட்டாமலே தலை வைத்துக்கொள்வதும் வேண்டாம். போன மாதம் ஜெயித்தவர் தலைக்கு மட்டும் பொதுப் பணத்திலிருந்து கூடுதல் விலை வைப்பதும் வேண்டாம். எல்லாரும் ஒரே தொகை, எல்லார் தலையும் ஒரே விலையில் தொடங்கட்டும்.

ஊரிலிருந்து வரும் நம் பெற்றோர் சீட்டுக்கட்டைப் பார்த்தாலே ஏன் முகம் மாறுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். இணையச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்தவர்கள் அவர்கள். 2022இல் தமிழ்நாட்டில் அதற்கென்றே ஓர் அவசரச் சட்டம் வந்தது. நம் ஆட்டம் அப்படிப்பட்டது இல்லை என்று வாயால் சொன்னால் போதாது. நோட்டைத் திறந்து காட்ட முடிய வேண்டும்: இத்தனை பேர் வந்தார்கள், ஆட்-ஆன் இல்லாவிட்டால் ஒருவர் 80 டாலருக்கு மேல் இழக்க முடியாது, ஒவ்வொரு டாலரும் யாருக்குப் போனது என்று இதோ இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் முன் வைக்க முடியாத கணக்கு நமக்கு வேண்டாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த சனிக்கிழமை முதல் சீட்டு விழும் முன், இரண்டு டின், ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு அட்டை எடுத்து வையுங்கள். பணத்துக்கு ஒருவர், நோட்டுக்கு ஒருவர் என்று இருவரை நியமியுங்கள். விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி உரக்கப் படியுங்கள். “பாதி கையில், பாதி தலையில்” என்பதைப் புதியவர் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஒருவர் வெளியேறியதும் அடுத்த சீட்டைப் போடாதீர்கள். ரொக்கத்தைக் கொடுங்கள், நோட்டில் எழுதுங்கள், அட்டையை மாற்றுங்கள், டின்னையும் தலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தம் ஒரு நிமிட வேலை. எட்டு முறை செய்தாலும் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடம் கிடையாது என்றால் மாறாத பவுண்ட்டி ஆடுங்கள், அதிலும் சுகம் இருக்கிறது. கணக்கு குறைந்தால், பணம் வைத்திருந்தவர் தன் கையிலிருந்து போட்டு அன்றிரவே தீர்க்கட்டும். அந்தப் பொறுப்பை ஏற்க முடியாதவர் டின்னைத் தொடக்கூடாது.

அந்த நண்பரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் 25 டாலரை ஓர் உறையில் போட்டு, உங்கள் பெயர் எழுதி, என் நோட்டின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தலை டின் பக்கத்து நாற்காலியில் எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்